பழைய வாசலை மூடாமல் புதிய வாசல்: பயண இணையத்தளம் ஒன்றைத் திறந்தபடியே மாற்றுவது எப்படி?

ரொறன்ரோவில் இருந்து சித்தி அழைத்தபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. "பிள்ளை, நீ அனுப்பின லிங்க் திறக்குதில்லை. அந்த வீட்டைப் பூட்டிப்போட்டினமோ?" என்று கேட்டார். சீகிரியாவுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிறிய தங்குமிடத்தின் இணைய முகவரி அது. சில வருடங்களுக்கு முன் நான் அங்கே தங்கிவிட்டு வந்து அவருக்கு அனுப்பியிருந்தேன். பிள்ளைகளுடன் ஊருக்கு வரும்போது யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியில் இரண்டு நாள் அங்கே தங்க வேண்டும் என்று அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

நானும் திறந்து பார்த்தேன். "விரைவில் புதிய தோற்றத்தில் வருகிறோம்" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. தொலைபேசி இலக்கம் இல்லை, மின்னஞ்சல் இல்லை. சித்தி தம்புள்ளையில் வேறோர் இடத்தைப் பதிவு செய்துகொண்டார்.

பின்னர் அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்காரரைச் சந்தித்தேன். வீடு பூட்டப்படவே இல்லை. அறைகள் தயாராக இருந்தன, சமையலுக்கும் ஆள் இருந்தது. தளத்தைப் புதுப்பிக்க ஒருவரிடம் கொடுத்திருந்தார். ஒரு வாரத்தில் முடியும் என்று சொன்ன வேலை ஏழு வாரம் இழுத்திருக்கிறது. புதிய தளம் வந்த பிறகும் பழைய முகவரிகள் எதுவும் வேலை செய்யவில்லை. ஆட்கள் வராததற்குக் காரணம் பருவம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இணையத்தில் தன் வீட்டு வாசல் மூடிக்கிடந்தது அவருக்குத் தெரியாது.

இந்தக் கதையை எழுதுவதற்குக் காரணம் உண்டு. போருக்குப் பின்னர் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் எத்தனையோ குடும்பங்கள் இருந்த வீட்டில் இரண்டு அறைகளைச் சீர்செய்து, ஒரு வானை வாங்கி, பயணிகளை நம்பி வாழத் தொடங்கின. பெரிய விடுதிகளுக்கு விளம்பரம் செய்யப் பணம் இருக்கிறது. சிறியவர்களுக்கு இருப்பது ஓர் இணையத்தளமும் வந்துபோனவர்கள் சொல்லும் நல்ல வார்த்தையும்தான். வெளிநாட்டு முன்பதிவுத் தளங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் தரகுப் பணம் எடுத்துக்கொள்ளும். சொந்தத் தளத்தில் வரும் பதிவில் மட்டுமே முழுப் பணமும் வீட்டுக்கு வரும். அந்தத் தளத்தை ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும். வருகிறவர்களை இழக்காமல் அதை எப்படி மாற்றுவது என்பதே இந்தக் கட்டுரை.

பாறை சொல்லும் பாடம்

சீகிரியாவில் ஏறியவர்களுக்குத் தெரியும். நீர்ப்பூங்காக்களைத் தாண்டி, பெரும் பாறைகளுக்கு நடுவே படியேறி, சுழல் இரும்பு ஏணி வழியாக ஓவியங்களைப் பார்த்து, கண்ணாடிச் சுவரை ஒட்டி நடந்து, சிங்கப் பாதங்களுக்கு நடுவே மறுபடி இரும்புப் படி ஏறினால்தான் உச்சி. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய அரண்மனை அது. இன்றைய பயணி நடக்கும் இரும்புப் படிகளும் கைப்பிடிகளும் அவன் காலத்தவை அல்ல. பழைய பாதை சிதைந்துபோன இடங்களில், பழைய கல்லின் மீது பாரம் ஏறாதபடி பிற்காலத்தில் பொருத்தப்பட்டவை.

1890களில் எச்.சி.பி. பெல் தலைமையில் தொல்லியல் திணைக்களம் அங்கே அகழ்வைத் தொடங்கியது. 1967 ஒக்டோபரில் யாரோ ஓவியங்களின் மீது சாயம் பூசிச் சிதைத்தார்கள். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சியின் உதவியுடன் அவை மீட்கப்பட்டன. 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் மத்திய கலாசார நிதியம் உருவானது. 1982இல் சீகிரியா யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அகழ்வும் பழுதுபார்ப்பும் இன்றுவரை முடியவில்லை. பயணிகளும் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு பகுதியை மறிக்கும்போது இன்னொரு பகுதி திறந்திருக்கும். புதிய படி பாரம் தாங்கும் என்று உறுதியான பிறகுதான் ஆட்களை அதில் ஏற்றுவார்கள்.

இணையத்தளத்துக்கும் விதி இதுதான். புதிய பாதை பாரம் தாங்கும் என்று தெரியும்வரை பழைய பாதையை வெட்டக் கூடாது. தெரிந்த பிறகும் பழைய பாதையில் வருகிறவரைப் புதிய பாதைக்கு அழைத்துப்போக ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும்.

2024இல் நடந்தது

இந்த விதியை மறந்தால் என்ன நடக்கும் என்பதை நாட்டின் மிக முக்கியமான பயண இணையத்தளம் ஒன்றின் கதை காட்டியது. புலம்பெயர்ந்த நம் உறவுகளில் பலர் இன்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். அம்மாவைப் பார்க்க வருவதானாலும் அந்தியேட்டிக்கு வருவதானாலும் அவர்களுக்கும் விசா வேண்டும். 2012 ஜனவரி முதல் ஈ.ரி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதித் தளத்தில் அதைப் பெற்று வந்தார்கள். அதன் தொழில்நுட்பத்தை மொபிட்டல் நிறுவனம் பார்த்துக்கொண்டது.

2024 ஏப்ரல் 17ஆம் திகதி அந்தத் தளத்தின் இடத்துக்குப் புதிய மின்விசாத் தளம் ஒன்று வந்தது. ஜி.பி.எஸ். ரெக்னோலொஜி சேர்விசஸ், ஐ.வி.எஸ். குளோபல், வி.எஃப்.எஸ். குளோபல் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களிடம் அந்த வேலை கொடுக்கப்பட்டிருந்தது. விசாக் கட்டணத்துடன் சேவைக் கட்டணம் 18.50 டொலர், வசதிக் கட்டணம் 7.27 டொலர் என்று 25.77 டொலர் மேலதிகமாக வந்து சேர்ந்தது. முன்பு பலரும் எடுத்த 30 நாள், 50 டொலர் விசாவைத் தேடியவர்களுக்குத் தொடக்கத்தில் அது கிடைக்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் எடுக்கப்பட்ட ஒரு காணொளி பரவியதும் நாடே இதைப் பற்றிப் பேசியது.

நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்த எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், பாட்டலி சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி நீதிமன்றம் புதிய முறையை இடைநிறுத்தி, பழைய முறையை மீண்டும் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. ஆனால் பழைய தளம் உடனே திரும்பவில்லை. வாரங்கள் கடந்தன. செப்டெம்பர் 25ஆம் திகதி, உத்தரவை நிறைவேற்றாத குற்றச்சாட்டில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டாளர் நாயகம் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதன் பிறகே பழைய ஈ.ரி.ஏ. மறுபடி இயங்கத் தொடங்கியது.

ஒப்பந்தத்தின் சரி பிழை நீதிமன்றத்துக்கும் கணக்காய்வுக்கும் உரியது. நம் தலைப்புக்கு வேண்டிய பாடம் வேறு. அந்த மாற்றத்தில் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவில்லை. மக்கள் வழக்கமாகத் தேடிய தெரிவு புதிய இடத்தில் இல்லை. திரும்பிப் போக வேண்டி வந்தபோது அந்த வழி உடனே திறக்கவும் இல்லை. இரண்டு அறை வைத்திருப்பவரும் தன் அளவில் இதே மூன்று பிழைகளைத்தான் செய்கிறார்.

பனையில் முளைத்த ஆல்

வடக்கில் பனங்கூடலுக்குள் நடந்தவர்கள் பனையைக் கட்டிப்பிடித்து வளரும் ஆலமரத்தைப் பார்த்திருப்பார்கள். பறவை போட்ட விதை பனையின் மட்டை இடுக்கில் முளைக்கும். வேர் கீழிறங்கும். பனை அதுபாட்டுக்கு நின்று காய்க்கும். ஆல் மெல்ல மெல்ல நிலத்தைத் தொட்டுத் தன் காலில் நிற்கத் தொடங்கும். கடைசியில் பனை இல்லாமலும் ஆல் நிற்கும்.

மென்பொருள் உலகத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இப்படி வளரும் அத்தி மரங்களைக் கண்ட மார்ட்டின் ஃபவுலர் என்ற மென்பொருள் எழுத்தாளர், பழைய கட்டமைப்பை ஒரே நாளில் தூக்கி எறியாமல் துண்டு துண்டாக மாற்றும் முறைக்கு 2004இல் அந்த மரத்தின் பெயரையே வைத்தார்.

உங்கள் தளத்தில் அறைகள், விலை, படங்கள், வழி, முன்பதிவு என்று ஐந்து பகுதிகள் இருந்தால் ஒரே இரவில் ஐந்தையும் மாற்றத் தேவையில்லை. முதலில் படங்கள் உள்ள பக்கத்தை மாற்றுங்கள். ஒரு வாரம் கவனியுங்கள். அடுத்தது வழி. முன்பதிவைக் கடைசியில் தொடுங்கள். ஏதாவது பிழைத்தால் எந்தப் பகுதியில் பிழைத்தது என்று உடனே தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உடைந்தது என்று கண்டுபிடிக்கவே நாட்கள் போகும்.

பிரித்தானியாவில் இரண்டுக்கும் உதாரணம் உண்டு. அரசின் கவ்.யூகே தளம் 2012 ஜனவரி இறுதியில் பரீட்சார்த்தமாக மக்கள் பார்வைக்கு வந்தது. பழைய தளங்களான டைரக்ட்கவ்வும் பிஸ்னஸ்லிங்க்கும் அப்போதும் இயங்கின. பல மாதங்கள் சோதித்த பிறகு, ஒக்டோபர் 17ஆம் திகதிதான் புதியது அவற்றின் இடத்தை எடுத்தது. பழைய முகவரிகளைத் தேடி வந்தவர்கள் புதிய பக்கங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

ரி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர்கள் அனைவரையும் ஒன்றாகப் புதிய கணினிக் கட்டமைப்புக்கு மாற்றியது. 19 லட்சம் பேர்வரை தங்கள் கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கெடுப்பு. வீடு மாறும் முன் பொருட்களை எழுதிவைப்பதுபோல, தளத்தில் உள்ள ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். எந்தப் பக்கத்துக்கு ஆட்கள் அதிகம் வருகிறார்கள் என்பதை வருகைப் பதிவில் பார்க்கலாம். பல சமயம் அது முகப்புப் பக்கமாக இருக்காது. "தம்புள்ளையில் இருந்து சீகிரியாவுக்குப் பேருந்தில் போவது எப்படி" என்று நீங்கள் எப்போதோ எழுதிய ஒரு பக்கம்தான் தினமும் ஆட்களைக் கூட்டி வந்துகொண்டிருக்கும். வடிவமைப்பாளர் அதைப் பழசு என்று தூக்கிவிட்டால், ஆட்கள் ஏன் குறைந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, பிரதி. தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றாவது உங்கள் கையில், உங்கள் கணினியில் இருக்க வேண்டும். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதை வேறோர் இடத்தில் திறந்து, உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். திறக்காத பிரதியும் இல்லாத பிரதியும் ஒன்றுதான்.

மூன்றாவது, ஒத்திகைத் தளம். புதிய தளத்தை வேறு முகவரியில், கடவுச்சொல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். தேடுபொறிகள் அதைப் பட்டியலிடாதபடி ஒரு கட்டளையையும் சேர்ப்பார்கள். இங்கே ஒரு பொறி உண்டு. தளம் வெளியே வரும் நாளில் அந்தக் கட்டளையை நீக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. தளம் அழகாக இருக்கும், நீங்கள் திறந்தால் திறக்கும், ஆனால் கூகுளில் இருந்து மெல்ல மெல்லக் காணாமல் போகும். வெளியிட்ட அன்றே "அந்தத் தடையை எடுத்தாச்சா?" என்று கேளுங்கள்.

நான்காவது, முகவரிகள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முடிந்தால் பழைய முகவரிகளை அப்படியே வைத்திருங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு பழைய முகவரியில் இருந்தும் அதற்கு ஒத்த புதிய பக்கத்துக்குத் திருப்பம் போட வேண்டும். இணைய மொழியில் இதன் எண் 301. "இந்தப் பக்கம் நிரந்தரமாக இங்கே வந்துவிட்டது" என்று பொருள். தேடுபொறிகளும் அதைப் புரிந்துகொண்டு புதிய முகவரியைப் பதிந்துகொள்ளும். 302 என்பது தற்காலிகத் திருப்பம். திருப்பமே இல்லை என்றால் வருபவர் காண்பது 404, அதாவது "அப்படி ஒரு பக்கம் இல்லை". எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறி வேலை. அறை விலையைத் தேடி வந்தவர் முகப்பில் நின்று முழிப்பார்.

சித்தி வைத்திருந்தது இப்படி ஒரு பழைய முகவரிதான். உலகளாவிய வலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி என்பது மாறாத முகவரி என்ற கருத்தை 1998இலேயே எழுதியிருக்கிறார். முகவரியை நீங்கள் மாற்றலாம். ஆனால் அதைத் தன் டயறியில் எழுதி வைத்திருப்பவரின் டயறியை உங்களால் மாற்ற முடியாது.

ஐந்தாவது, முன்பதிவு. பழைய தளத்தில் ஒரு நாட்காட்டியும் புதிய தளத்தில் இன்னொரு நாட்காட்டியும் ஓடினால் ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் வந்து நிற்கும். எந்த நேரத்திலும் ஒரே ஒரு நாட்காட்டிதான் உண்மையானது என்று முடிவெடுங்கள். வெளிநாட்டு முன்பதிவுத் தளங்களுடன் இணைத்திருந்தால் அந்த இணைப்பு உடனுக்குடன் புதுப்பிக்காது, இடைவெளி இருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். மாற்றும் சில மணி நேரத்துக்கு மட்டும் இணையப் பதிவை நிறுத்தி, "இன்று மாலைவரை இந்தத் தொலைபேசி இலக்கத்தில் பதிவு செய்யுங்கள்" என்று போடுவது தவறல்ல. ஏற்கெனவே பதிந்தவர்களின் பட்டியலைக் கடதாசியில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, மூடத்தான் வேண்டும் என்றால் ஒழுங்காக மூடுவது. சில நிமிடங்களாவது தளத்தை நிறுத்த நேர்ந்தால் 503 என்ற எண்ணுடன் நிறுத்தச் சொல்லுங்கள். "தற்காலிகமாக இல்லை, பிறகு வாருங்கள்" என்பது அதன் பொருள். தேடுபொறிகள் காத்திருக்கும். அந்தப் பக்கத்திலும் பெயர், தொலைபேசி இலக்கம், இடத்தின் வரைபடம், எப்போது திரும்பும் என்ற விபரம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். "விரைவில் வருகிறோம்" என்ற ஒற்றை வரி பூட்டிய கதவுக்குச் சமம்.

ஏழாவது, நேரம். கிழக்குக் கரையில் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்கில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. சீகிரியா இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டு கூட்டமும் அந்த வழியே போகும். மின்னேரியாவில் யானைகள் கூடும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அந்தப் பக்கம் அறை தேடுபவர்கள் அதிகம். உள்ளூர்க்காரர் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறையில் வருவார்கள். உங்கள் ஊரின் ஓய்ந்த மாதத்தைத் தெரிவு செய்யுங்கள். கிழமையிலும் வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். சனி, ஞாயிறில் பிழைத்தால் சரிசெய்ய ஆள் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை காலை நல்லது.

எட்டாவது, திரும்பும் வழி. இணையத்தில் பெயரையும் கணினியையும் இணைக்கும் ஒரு பெயரேடு உண்டு. டி.என்.எஸ். என்பார்கள். அதில் நீங்கள் மாற்றும் விபரம் உலகம் முழுதும் போய்ச்சேரச் சில நிமிடங்களும் ஆகலாம், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே அதன் சேமிப்புக் காலத்தை 300 விநாடிகளாகக் குறைக்கச் சொன்னால், பிழைத்தாலும் விரைவில் பழையதற்குத் திரும்பலாம். பழைய தளம் இருக்கும் கணினி இடத்துக்கான வாடகையை அடுத்த நாளே நிறுத்தாதீர்கள். ஒரு மாதமாவது அதை உயிரோடு வைத்திருங்கள். 2024 நமக்குக் காட்டியது இதைத்தான்.

தமிழ்ப் பக்கம் முதலில் காணாமல் போகும்

தளம் புதுப்பிக்கப்படும்போது வழமையாக நடக்கும் ஒன்று உண்டு. ஆங்கிலப் பக்கம் முதலில் தயாராகும். அடுத்தது சிங்களம். தமிழ்ப் பக்கத்தைத் தட்டினால் ஆங்கிலமே வரும், அல்லது வெறுமையாக இருக்கும். "தமிழ் பிறகு சேர்ப்போம்" என்பார்கள். அந்தப் பிறகு வருவதில்லை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் அதை விரித்துரைத்தது. ஆகவே அரச தளம் ஒன்றில் தமிழ் இல்லை என்றால் அது உரிமைக் குறைபாடு. கேட்க நமக்கு உரித்து உண்டு.

பயணத்தோடு தொடர்புள்ள அறிவிப்புகளில் இந்தக் குறைபாட்டின் விலை பெரிது. சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் ஆயிரம் வருடங்களுக்கு முன் வந்தவர்கள் கீறிவைத்த பாடல்களில் 685ஐப் பேராசிரியர் பரணவிதான வாசித்து 1956இல் நூலாக வெளியிட்டார். அதே சுவரில் 2015இல் தன் பெயரைக் கீறியதற்காகக் கிழக்கைச் சேர்ந்த ஓர் இளம் தமிழ்ப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பின்னர் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் மன்னிப்பில் அவர் விடுதலையானார். மரபுரிமையைச் சிதைப்பது பிழை, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் போர்க்காலத்தில் வளர்ந்து, முதன்முறையாக நண்பர்களுடன் தெற்கே பயணம் போகிற ஒரு பிள்ளைக்கு, அந்த இடத்தின் சட்டம் என்ன, தண்டனை என்ன என்பது அவருடைய மொழியில், அவர் பார்க்கும் இடத்தில் போய்ச்சேர்கிறதா என்ற கேள்வியை அந்த வழக்கு நம்மிடம் விட்டுச் சென்றது. பயணத்துக்கு முன் கைப்பேசியில் திறக்கும் ஒரு தமிழ்ப் பக்கம் அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாக இருக்க முடியும்.

நம்முடைய சொந்தத் தளங்களிலும் தமிழுக்கு வேறொரு ஆபத்து உண்டு. பழைய தமிழ்த் தளங்கள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத புதிய தளத்துக்கு அதை அப்படியே கொண்டுபோனால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாது என்றால் அதைப் பழுது என்று நினைத்து அழித்துவிடுவார். மாற்றத்துக்கு முன்பே எல்லாவற்றையும் யுனிகோட் எழுத்துக்கு மாற்றி, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி பார்க்க வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை வாசிக்காமல் போடாதீர்கள். விலை, நேரம், தூரம் ஆகியவற்றில் ஒரு பிழை வந்தால் அதை நம்பி வருகிறவர் வெயிலில் நிற்பார். கடைசியில் விலை குறைந்த ஒரு கைப்பேசியில், மெதுவான இணைப்பில் திறந்து பாருங்கள். கொழும்பு அலுவலகத்தின் பெரிய திரையில் அழகாகத் தெரிவது கிளிநொச்சிப் பேருந்துக்குள் திறக்காமல் போகலாம்.

பழையதை எறிய முன்

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் நாம். இடம்பெயர்ந்தபோது படங்களையும் கடிதங்களையும் விட்டுவிட்டு ஓடியவர்கள். இணையத்தில் ஒரு பக்கத்தை அழிப்பது எவ்வளவு இலகு என்பதை நாம் யோசிப்பதில்லை. போர் முடிந்த காலத்தில் தொடங்கிய ஒரு தங்குமிடத்தின் பழைய தளத்தில், கூரையில்லாத வீட்டின் படம் இருக்கும். முதலில் வந்த பயணி எழுதிய வாழ்த்து இருக்கும். அந்தத் தெரு அப்போது எப்படி இருந்தது என்பதற்கு வேறு சான்று இல்லாமல் இருக்கலாம். புதிய தளத்துக்கு அது தேவையில்லை என்றால் அழிக்க முன் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கங்களைச் சேமியுங்கள். முகவரியைக் கொடுத்தால் போதும், கட்டணம் இல்லை. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்தைப் போன்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பணம் கொடுக்க முன் கேட்க வேண்டியவை

தளத்தைப் புதுப்பிக்க ஒருவரிடம் கொடுக்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

- இணையப் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது? உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.
- கடவுச்சொற்கள் எல்லாம் உங்கள் கையிலும் இருக்குமா?
- வேலை நடக்கும்போது பழைய தளம் திறந்திருக்குமா?
- பழைய முகவரிகளின் பட்டியலும் அவை எங்கே திருப்பப்படும் என்ற விபரமும் தருவீர்களா?
- பிழைத்தால் எவ்வளவு நேரத்தில் பழையதற்குத் திரும்பலாம்?
- தமிழ்ப் பக்கம் அதே நாளில் வெளிவருமா?
- கூகுள் வரைபடத்திலும் முன்பதிவுத் தளங்களிலும் முகநூலிலும் உள்ள முகவரிகளை யார் மாற்றுவார்?

கடைசிக் கொடுப்பனவை இவை எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு காலையும் உங்கள் தளத்தில் எத்தனை பேர் 404இல் முட்டி நின்றார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் வரும் ஒவ்வொரு வரியும் வாசலில் நின்று திரும்பிப்போன ஒரு பயணி.

சீகிரியா வீட்டுக்காரருக்கும் கடைசியில் செய்தது இவ்வளவுதான். சித்தியின் பழைய முகவரியை அவரிடம் காட்டினேன். தளத்தைக் கட்டியவரை அழைத்தார். பழைய பக்கங்களின் பட்டியலை வேபேக் மெஷினில் இருந்தே தேடி எடுத்து, அரை நாளில் திருப்பங்களைப் போட்டார்கள். ஏழு வாரமும் அதற்குப் பின்னான மாதங்களும் இழந்தது இழந்ததுதான். அன்றிரவு அந்த முகவரியைச் சித்திக்கு மறுபடி அனுப்பினேன்.

"இப்ப திறக்குது பிள்ளை. அடுத்தமுறை அங்கதான்" என்று பதில் வந்தது.